காலாவதி தேதி

குன்னத்தில் ஒரு விதைக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ஆனால் மக்காச்சோள விதை வந்து இறங்கினால் பையில் காலாவதி தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். சுவரில் மாட்டியிருக்கிற கடை லைசன்ஸ் எந்த மாசம் முடிகிறது என்று முதலாளியைவிட எனக்குத்தான் கவலை.

மகளை வெளிநாட்டில் படிக்க வைக்கப் பெரம்பலூரில் ஒரு ஏஜென்ட் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த தம்பி ஒரு காலேஜின் வழவழப்பான புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அதில் தேதி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, இந்தக் காலேஜுக்கு லைசன்ஸ் எதுவரைக்கும் இருக்குங்க?"

"இது என்ன மக்காச்சோள வெதையாக்கா, தேதி பாத்து வாங்க?"

ஆபீசே சிரித்தது. மகள் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

அவள் வெளிநாடு போய் அஞ்சாம் மாசம், கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"ம்மா, பதறாத. எங்க காலேஜோட அனுமதிய கவர்மெண்ட் ரத்து பண்ணிட்டாங்க. இனிமே வெளிநாட்டுப் பிள்ளைங்கள சேக்கக் கூடாதாம்."

"சேந்துட்டவங்க?"

"ரெண்டு மாசத்துக்குள்ள வேற காலேஜ் புடிக்கணும். இல்லன்னா ஊருக்குத்தான்."

எங்கள் கடைக்கும் விதை ஆய்வாளர் வருவார். சரியில்லாத விதைக்குத் தடை போடுவார். மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிடுவோம். அதற்கு முன்பே வாங்கிப்போய் விதைத்தவரை யார் தேடிப் போகிறார்கள்? தடை போட்டது நல்லதுதான். அதை என் பிள்ளை போவதற்கு முன்னால் போட்டிருக்கக் கூடாதா?

பெரம்பலூருக்கு ஓடினேன். "சேத்து வுடறதோட எங்க வேல முடிஞ்சுதுக்கா," என்றார் அதே தம்பி. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள்.

"எடம் கெடச்சிருக்கும்மா. நீ கேட்டத இந்தத் தடவ நானே கேட்டுட்டேன்."

"எதுவரைக்குமாம்?"

"அடுத்த வருஷம் மார்ச். அப்புறம் புதுப்பிச்சிருவாங்களாம்."

படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

"சேரட்டுமாம்மா?"

இப்படி ஒரு மூட்டை வந்தால் இறக்கவே விடமாட்டேன், வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே வேண்டாமென்றால் திரும்பி வரப்போவது என் பிள்ளை.

"சேரு," என்றேன்.

இந்த வருஷக் காலண்டரில் அந்த மார்ச் இல்லை. எங்கள் லைசன்ஸுக்குப் பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்தேன்.