புல்வெளியில் இறங்கிய வாத்துகள்

மாலை ஐந்தே முக்கால் மணி. முதலில் என் கண்ணில் பட்டது புல்வெளியில் வந்து இறங்கிய ஒரு காட்டு வாத்து. பேய், பிசாசு என்று யாராவது செய்தி கொண்டுவந்தால் படிக்காமலே குப்பைக்கூடையில் போட்ட ஆள் நான். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஐம்பதுகளின் நடுவில், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் காலத்துத் தோட்டம் ஒன்றைச் சீர்செய்து முடித்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முன்பே பார்த்துப் பத்திரிகையில் எழுத நானும், படமெடுக்கக் காதரும் போயிருந்தோம். காதர் செங்கல்பட்டு ஜவுளிக்கடைக்காரர் மகன், நீந்தத் தெரியாது, தற்காலிக வேலை. ஞாயிறு மலருக்கு நல்ல பறவைப் படம் ஒன்று கொடுத்தால் நிரந்தரம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அந்த வாத்து தரையில் இறங்குவதுபோல் இறங்கவில்லை. கால்களை முன்னே நீட்டி, நெஞ்சால் சறுக்கி நின்று, இறகை உதறியது. பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது, எல்லாம் கால் தெரியாமல் புல்மேல் நகர்ந்தன.

காவல்காரர் கன்னியப்பன் பீடியைக் காதில் செருகினார்.

"இன்னா சார் அப்பிடி பாக்குற? அங்க கொளம் இருந்துது. விழாவுக்கு நாற்காலி போட எடம் வோணும்னு மண்ணக் கொட்டி தூத்துட்டாங்க. வாத்துக்கு யாரு போயி சொல்றது?"

காதர் சிரித்தான். "இதான் படம், அண்ணாத்த."

செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினான். வாத்துகள் பறக்கவில்லை. ஓரத்திலேயே குனிந்து நின்று ஒரு படம் எடுத்தான். போதும் வா என்றேன். திரும்பினான்.

"அண்ணாத்த, கால் எட்டல."

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். சமதரையில் நின்றபடி தாடையை மேலே தூக்கினான், வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை, முகம் கறுத்தது. கன்னியப்பன் மூங்கில் கழியை நீட்டி, "புடிச்சிக்க நைனா" என்று கத்தினாரே தவிர, புல்லில் கால் வைக்கவில்லை. அதைப் பார்த்தபின் எனக்கும் கால் வரவில்லை. இருவரும் கழியைப் பிடித்து இழுத்தோம். தரையில் கிடக்கும் ஆளின் கனம் அதில் இல்லை. மிதந்து வந்தான்.

நடைபாதையில் கிடத்தியதும் இருமி இருமித் தண்ணீர் கக்கினான். சட்டை காய்ந்திருந்தது. தலைமுடியும்.

காதர் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கடைக்குப் போய்விட்டான். பிலிமை நான்தான் கழுவக் கொடுத்தேன். அந்தத் தோட்டத்தில் அவன் எடுத்தது ஒரே ஒரு படம்.

மேலே வெளிச்சம். அதில் ஒரு வாத்தின் இரண்டு கால்கள், நேர் கீழேயிருந்து எடுத்தது.