செல்வியின் அண்ணன் காஜா பாய்

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது செல்வியிடமிருந்து போன் வந்தது. "சார், அண்ணன் போயிட்டாரு" என்றவள் மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஒரே அண்ணன்தான். என் பக்கத்துக் கடையில் செருப்பும் பெல்ட்டும் விற்ற காஜா பாய். அவர் கடைக்கும் என் கல்யாணப் பத்திரிகைக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனாலும் அவர் அண்ணன், நான் சார். துக்கச் செய்தியிலும் இது என்னை உறுத்தியது. அஞ்சலிக் கட்டுரையில் இதை எழுதலாமா என்றால், எழுதாவிட்டால் பாயே நம்பமாட்டார்.

அடுத்த நினைப்பு, செல்வியின் வீடு இனி என்னாகும் என்பது. அந்த வீடு செங்கல்லைவிட பாயின் வாக்கை நம்பித்தான் நின்றது. அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

செல்வி பூக்கட்டுபவள். கணவர் முருகன் மூட்டை தூக்கியே முதுகு போனவர். ஒரே மகள் காவியா, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட, வேறு வீடு அமையாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் இரண்டு கடைகளின் தகரக் கூரைக்கு அடியில் ராத்தங்க வந்தார்கள். நாங்கள் வருவதற்குள் படுக்கையைச் சுருட்டி, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவைத்திருப்பார்கள். நான் அவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன். வாங்கிக்கொடுத்ததைத் தெரு முழுக்கச் சொன்னேன். பாய் என்ன வாங்கிக்கொடுத்தார் என்பது இன்றுவரை தெரியாது. எதிராளி என்ன செய்கிறார் என்றே தெரியாத போட்டியில் மனிதன் எப்படி ஜெயிப்பது?

வீடு கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி, "இப்ப எங்க குடியிருக்கீங்க?" பொய் சொல்லத் தெரியாத செல்வி, "கடை வாசல்ல" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் அவள் அப்படித் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தபோது பாய் சொன்னார்: "பொண்ணு கேக்கப் போனா நாலு பேரு சேந்துதான போறோம். வீடு கேக்க மட்டும் ஏம்மா ஒத்தையில போற? அடுத்த தடவ நாங்களும் வாரோம்."

அப்படித்தான் போனோம். நாகல் நகரில் லூர்து டீச்சர் வீட்டின் பின்கட்டு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலையோடு தெருவே கிளம்பியது. நான் சரிகை வேட்டி கட்டி, பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

கூட்டத்தைப் பார்த்த டீச்சர், "எங்க வீட்ல கல்யாண வயசுல யாரும் இல்லியே" என்றார்.

"வீட்டத்தான் கேக்க வந்தோம் டீச்சர். இந்தா, தங்கச்சி குடும்பத்துக்கு" என்றார் பாய்.

"நீங்க யாரு?"

"செல்விக்கு அண்ணன்."

டீச்சர் அவருடைய தொப்பியையும் தாடியையும் பார்த்தார். செல்வியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். "எந்த வகையில அண்ணன்?"

"ரெண்டு பேரும் ஒரே வாசல்ல இருக்கோம். வேற என்ன வகை வேணும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். தாம்பாளத்தைச் சுமந்து கை வலித்து நின்ற என்னைக் காட்டி, "இவரு?" என்றார்.

"பக்கத்துக் கடை. நல்லா எழுதுவாரு."

அதே வாசலில்தான் ஐயா நானும் இருந்தேன்.

"வாடகையோ வம்போ, எதுன்னாலும் உங்களத்தான் கேப்பேன்" என்றார் டீச்சர் பாயிடம். "கேளுங்க. கடையில இல்லன்னா வீட்டுக்கு வாங்க. சோத்து நேரமாப் பாத்து வாங்க" என்றார் பாய். பேச்சு முடிந்தது. அட்வான்ஸைத் தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்தோம். என் சொற்பொழிவு அப்படியே வீடு திரும்பியது.

பால் காய்ச்சிய அன்று ஒரு கூத்து. புது வீட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக யோசித்திருக்கிறோம். திண்டுக்கல்காரன் யோசித்தால் எங்கே போய் முடியும்? எல்லோரும் பூட்டு வாங்கி வந்திருந்தோம். வீட்டுக்குள் பூட்டிவைக்க ஒரு குண்டானும் ஓர் அடுப்பும்தான். என் பூட்டுதான் இருந்ததிலேயே பெரிது. கோட்டைக் கதவுக்குப் போடலாம். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக உள்ளே நுழைந்து, எங்கே ஆணி அடிப்பது, எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று ஆளாளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தோம்.

பாய் வெறுங்கையோடு வந்தார். திறந்திருந்த கதவை விரலால் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். "உள்ள வாங்க பாய்" என்றேன் நான். அவர் அசையவில்லை. "உம்ம வீடா இது? வீட்டுக்காரம்மா சொல்லட்டும்" என்றார்.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் படுத்திருந்த நாளெல்லாம் யாரையும் உள்ளே அழைக்கும் பேச்சு அவளுக்கு வாய்க்கவில்லை. தடுமாறித்தான் "வாங்கண்ணே" என்றாள். அதன்பிறகே பாய் உள்ளே வந்தார். நாங்கள் ஒவ்வொருவராக அடுப்பங்கரையை விட்டு நழுவினோம். அந்தத் தட்டலைப் பற்றி அந்த வீட்டில் இன்றும் பேசுகிறார்கள். என் பூட்டைப் பற்றி ஒரு நாளும் யாரும் பேசியதில்லை.

பிறகு முருகன், உட்கார்ந்து தைக்கும் வேலைக்குப் பாயின் கடையிலேயே சேர்ந்தார். செல்வி பூக்கடை போட்டாள். காவியா நர்சிங் படித்து முடித்தாள். டீச்சரோ சொன்ன சொல் தவறாமல், குழாய் ஒழுகினாலும் பாயைத்தான் கேட்டார். போகப்போகத் தன் மகனுக்குப் பெண் பார்ப்பதையும் பாயைத்தான் கேட்டார். ஒரு பத்திரிகைக்கடைக்காரனிடம் கேட்க வேண்டிய விஷயம் அது.

செல்வியின் போன் வந்த அன்று, பேகம்பூரில் பாயின் வீட்டு வாசலில் நாங்கள் நின்றிருந்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எதுன்னாலும் பாயைத்தான் கேப்பேன். இனி அந்த வீட்டுக்கு யாரைக் கேக்க?"

நான் தொண்டையைச் செருமினேன். 'என்னைக் கேளுங்க டீச்சர்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"என்னையத்தான் டீச்சர் கேக்கணும்" என்றாள் செல்வி. "நான்தான குடியிருக்கேன்."

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சரித்தா. உன்னையவே கேக்குறேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

பாயைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். தோள் மாற்றி மாற்றி எல்லோரும் சுமந்தார்கள்; எனக்கும் நாலு எட்டு கிடைத்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் முருகன் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் மாற்றிக்கொள்ளக் கேட்டும் தெருமுனை வரை அவர் விடவே இல்லை.

பாய், நீங்கள் வாக்குக் கொடுத்த வீடு இனி உங்கள் வாக்கு இல்லாமலே நிற்கும். என் வயிற்றெரிச்சலில் பெரியது இதுதான். டீ வாங்கிக்கொடுத்தால்கூட ஆயுசுக்கும் என்னைத் தேட வேண்டும் என்று நினைக்கிறவன் நான். நிம்மதியாகப் போங்கள். அங்கேயும் யாருக்காவது வீடு கேட்டுக் கிளம்பாமல் இருக்கமாட்டீர்கள். தாம்பாளம் தூக்க ஆள் குறைந்தால், அவசரப்பட்டு என்னைக் கூப்பிட வேண்டாம்.