எலும்புத் துகள் குழலும் நாற்பது நிமிடமும்

என் மனைவி ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்று மட்டும்தான். அதுவும் போட்டோக்காரர் அதட்டியதால். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். பால் காயும்வரை நிற்கப் பொறுமை கிடையாது, தீயைக் கூட்டி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அடுப்பைத் துடைப்பவன் நான்.

அவள் வேலை ஆபரேஷன் கருவிகளை வடிவமைப்பது. முறிந்து சேராத எலும்புக்கு நடுவே எலும்புத் துகளை ரத்தத்தில் குழைத்து வைப்பார்கள். அது பிடித்துக்கொண்டால் எலும்பு கூடிவிடும். அவள் பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு சாண் நீளம் கிழித்து, கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் பேனா தடிமனில் ஒரு குழல் செய்தாள். இரண்டு விரற்கடை வெட்டு போதும். குழலை உள்ளே விட்டு, பின்னாலிருக்கும் தண்டைத் தள்ளினால் துகள் உரிய இடத்தில் போய் உட்காரும். நான்கு வருட உழைப்பு. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கி, துகளைக் குழைத்து, முந்நூறு முறை நிரப்பித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ, நாங்கள் கறி வாங்கியதே இல்லை.

முதல் நோயாளி ஒரு லாரி ஓட்டுநர். ஒரு வருடமாகக் கால் எலும்பு சேரவில்லை. மறுநாள் காலை ஆபரேஷன். முந்தின நாள் மதியம், டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் போன் செய்தாள்.

“அக்கா, குழலை ஆரம்பத்துலயே ரொப்பி வெச்சுடறேன். டாக்டர் கேக்கறதுக்கு எப்படியும் நாப்பது நிமிஷம் ஆகும்.”

“சரிம்மா” என்று சொல்லிப் போனை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

“ஏங்க, நான் ஒரு தடவகூட வெச்சிருந்து பாக்கலையே. ரொப்பின கையோட தள்ளிடுவேனே!”

இருவரும் கறிக்கடைக்கு ஓடினோம். அங்கேயே நின்று குழலை நிரப்பி, மேலே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அந்த நாற்பது நிமிடத்தில் என் உயிர் போய் உயிர் வந்தது. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மடித்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு என்னிடம் பதினோரு தடவை மணி கேட்டாள்.

“கொஞ்சம் உக்காரேன், எனக்குத் தலை சுத்துது” என்றேன். முறைத்தாள்.

நேரமானதும் தண்டைத் தள்ளினாள். நகரவில்லை. நான் வாங்கி இரண்டு கையாலும் அழுத்தினேன். ம்ஹூம். உள்ளே ரத்தம் உறைந்து, துகள் கல்லாக இறுகியிருந்தது.

என் புத்தி குறுக்கே போனது. “கடைசி நேரத்துல ரொப்பச் சொல்லி நர்ஸ்கிட்ட சொல்லிடு. டாக்டருக்கு எதுக்கு இதெல்லாம்? நாளைய விட்டா இன்னொரு நாள் கெடைக்குமா?”

“எத்தன நிமிஷத்துல இறுகுதுன்னு எனக்கே தெரியல. உள்ள விட்டப்புறம் மாட்டிக்கிட்டா?”

சொல்லிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“முந்நூறு தடவன்னு எழுதிக் குடுத்தியேம்மா. ஒரு தடவகூடவா காத்திருக்கல?”

“இல்ல டாக்டர்.”

“அப்ப நாளைக்குக் கரண்டிதான். உன் கருவிய இனி எப்ப எடுக்கறதுன்னு இப்ப சொல்ல முடியாது.”

நான்கு வருடம் ஒரு வரியில் போயிற்று. அவளோ, “வெட்டு எவ்வளவு போகும்?” என்று கேட்டாள்.

“ஒரு சாண். அந்த டிரைவர்கிட்ட ரெண்டு விரக்கடைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப போய் மாத்திச் சொல்லணும்.”

“நானும் வர்றேன் டாக்டர். என் அவசரம், நான்தான் சொல்லணும்.”

வார்டில் ஓட்டுநரின் கட்டிலருகே நின்று, குழல் ஏன் நாளைக்கு ஆகாது என்று அவளே சொன்னாள். தன் தப்பு என்பதையும் மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. “எலும்பு சேருமில்ல?” என்று மட்டும் டாக்டரைக் கேட்டார். பிறகு போர்வையை விலக்கி, கையை அகல விரித்துத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து, ஒரு சாண் எதுவரை வருமென்று அளந்து பார்த்தார்.

என் மனைவி அப்போதுதான் அழுதாள்.