மூன்று கோட் கறுப்புப் பெயிண்ட்

எனக்கு எழுபத்தைந்து வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து, ஐந்து பேரையும் சொந்தக் காலில் நிறுத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி, ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அம்மு எழுதுகிறாள். எங்கேயாவது புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால் மற்றவர்களுக்குப் புது வீடு நினைவுக்கு வரும். எனக்கு ஒரு லாரியின் வயிறு நினைவுக்கு வரும். மழைக்கால வெளிச்சம் பலகை இடுக்கு வழியாகக் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்க, நான் அதன் அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடக்க, கறுப்புப் பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் கண்ணை மெல்ல மயக்கும்.

அந்த லாரி அப்பாவுடையது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் குடியேறியவர் அவர். சாலை என்கிற கடைத்தெருவிலிருந்து பொன்முடி எஸ்டேட்டுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிப்போவார். திரும்பும்போது தேயிலைப் பெட்டிகளோடு, மூடுபனியின் ஈரம் வண்டியில் அப்படியே ஒட்டியிருக்க, வளைவு வளைவாக இறங்கி வருவார். அப்படிப்பட்ட மலைப்பாதையில் ஓடுகிற வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் பார்க்கும். அதற்கு எங்கள் வீட்டில் "டெஸ்ட்" என்று பெயர். பார்க்கிறவர் "பிரேக் இன்ஸ்பெக்டர்".

டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே வண்டி வீட்டுப் பக்கம் வந்து நின்றுவிடும். ஆற்றங்கரையில் குளிப்பாட்டி, ஒவ்வொரு நட்டாக முறுக்கி, டயரைத் தட்டிப் பார்த்து, ஹாரனைப் பத்துத் தடவை அடித்துப் பார்ப்பார் அப்பா. விளக்குக்கு அம்மாதான் சாட்சி. அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்று, "இடது கண்ணு முழிச்சாச்சு, வலது கண்ணு இன்னும் உறங்குதாக்கும்" என்று சொல்லுவாள். எல்லாம் முடிந்த பிறகு பெயிண்ட். "பெயிண்ட் அடிச்சா வண்டிக்கு வயசு கொறையாது, பாக்குறவருக்குக் கோவம் கொறையும்" என்பது அப்பாவின் பேச்சு.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், அடிப்பகுதிக்குக் கறுப்பு அடிக்கும் வேலையை முதல்முதலாக என்னிடம் தந்தார். நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை என்று அன்றைக்கே எனக்கு எண்ணம். லாரிக்கு அடியில் கிடப்பது ஒரு தனி ஊரில் இருப்பது போல; மேலே இரும்புச் சட்டங்கள் வீட்டு உத்தரம் மாதிரி நீண்டு போகும், தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும், இடவப்பாதிப் பருவமழை நாலு பக்கமும் திரை போட்டாற்போல இறங்கும். தூங்கினேனா, அடித்தேனா என்று தெரியாமல் மூன்று நாள் போனது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஒரு சாண் இடம் மட்டும் கிரீஸ் அப்பி அசிங்கமாகக் கிடந்தது. என் வேலையில் இப்படி ஓர் அழுக்கா என்று அதைத் துடைத்து, அடியில் தெரிந்த கீறல்களும் மறையட்டும் என்று, மற்ற இடங்களுக்கு ஒரு கோட் என்றால் அதற்கு மூன்று கோட் அடித்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

என் வேலையைச் சர்க்கார் பார்க்கிறபோது நானும் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து அப்பாவோடு ஏறிக்கொண்டேன். பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு டெஸ்ட் மைதானத்துக்குப் போனோம். பச்சையும் சிவப்புமாகப் புதுப் பெயிண்ட் பூசிய லாரிகள், கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போலத் தூறலில் வரிசையாக நின்றன. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பாஸ் ஆகாவிட்டால் எஸ்டேட் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று சாலைக் கடை முதலாளி முன்னமே சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மலையாளி. விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார், வைப்பரை ஓடவிட்டார், டயரைக் குனிந்து பார்த்தார். பிறகு தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வண்டியை ஓட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கோட்டில் சட்டென்று பிரேக் போடச் சொன்னார். வண்டி கோட்டிலேயே நின்றது. அப்பாவின் தோள் இறங்கியதை நான் கீழே நின்று பார்த்தேன்.

கடைசியாக அவர் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே குந்தினார். வண்டியின் சேசிஸ் நம்பர் அங்கே சட்டத்தில் வெட்டியிருக்கும். காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் காகிதத்தில் வர வேண்டும். அவர் தேய்த்தார். காகிதம் சாம்பல் நிறமானது. எண் ஒன்றுகூட வரவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க அப்பா அந்த இடத்தில்தான் வருஷம் முழுக்கக் கிரீஸ் பூசி வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நம்பர் எவிடெ?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நம்பரை மறைப்பது திருட்டு வண்டிக்காரர்கள் செய்கிற வேலை என்றும் சொன்னார். சுற்றி நின்ற டிரைவர்கள் நெருங்கி வந்தார்கள். இது யார் அடித்தது என்று அவர் கேட்டார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நகத்துக்குள் கறுப்பு இருந்தது. அப்பா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நான் தன்னெ சாரே. ஓர்மை இல்லாம அடிச்சுப்போட்டேன்."

"எத்ர வருஷமாயி ஓட்டுந்நு?"

"பதினெட்டு."

பதினெட்டு வருஷம் ஓட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்க, மைதானமே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் முதுகுக்குப் பின்னால் நகத்துக் கறுப்பைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வண்டி முடிவதற்குள் நம்பர் தெரிய வேண்டும், இரும்பு எதுவும் படக் கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் நம்பரைத் திருத்தியதாக எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் அப்பாவின் முரட்டுக் கை நுழைந்து வேலை செய்ய முடியவில்லை. நான் கீழே நுழைந்தேன். டீசலில் நனைத்த துணியை அவர் தரத் தர நான் தேய்த்தேன். மழையில் காயாத மேல் கோட் குழைந்து வந்தது, அடிக் கோட் பிடிவாதம் பிடித்தது. வெட்டின குழிக்குள் இறங்கிய பெயிண்டைத் தீக்குச்சியால் கிளறி எடுத்தேன்; அப்பாவின் பெட்டியிலிருந்த குச்சி எல்லாம் தீர்ந்தது. வெளியே சக்கரங்கள் உருண்டு போயின, பேச்சுக் குரல்கள் தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்டன, நேரம் என்பது அங்கே நின்றுவிட்டது. பிறகு என் விரலுக்கு ஒரு வளைவு தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து சேற்றில் மண்டியிட்டுத் தேய்த்தார். சாம்பல் நிறத்துக்குள் எண்கள் வெள்ளையாக எழுந்து வந்தன. வண்டிப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துச் சத்தமாகப் படித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஓர் எண்ணில் நிறுத்தினார். இன்னொரு காகிதம் வைத்து மறுபடியும் தேய்த்தார். மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு பாஸ் என்று கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மழை. கரமனைப் பாலத்தில் வண்டி ஏறுகிறபோது அப்பா ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அடுத்த வருஷமும் அடியில நீதான் அடிக்கணும் மக்கா. ஒரு சாண் எடத்த மட்டும் எனக்கு விட்டுரு, கேட்டியா."

தலையை ஆட்டினேன். அடித்தது நான்தான் என்று மற்றவர்களிடம் நானும் சொல்லவில்லை, சொல்லச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சாலைக் கடைத்தெருவில் அவருக்குப் "பெயிண்டர் அண்ணாச்சி" என்று பெயர் விழுந்தது. ஒவ்வொரு டெஸ்ட் காலத்திலும், "அண்ணாச்சி, இந்தத் தடவ வைப்பருக்கும் சேத்து அடிச்சாச்சா?" என்று கேட்காதவர் இல்லை. வண்டியின் ஒவ்வொரு நட்டையும் அறிந்த மனிதர், வேலை தெரியாதவர் என்ற பெயரோடு வாழ்ந்தார். அவர் இறந்த அன்றுகூட ஒரு வயதான டிரைவர் அன்பாக இந்தக் கதையைச் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் என் பேரன் தன் ஆட்டோவை டெஸ்ட்டுக்குக் கொண்டுபோனான். பிரேக்கை மிஷினே பார்த்துவிட்டதாம், நம்பரைப் போனில் படம் எடுத்தார்களாம். உலையில் போட்ட அரிசி வேகும் முன் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பாவின் லாரி எந்தக் காலத்திலோ பழைய இரும்பாகப் போயிற்று. அந்த மைதானத்தில் இப்போது ஃபிளாட் நிற்கிறது. பெயிண்டர் அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. போய்த் திருத்திச் சொல்லலாம் என்றால் ஆளில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்: அந்தப் பெயிண்டை அடித்தது அவரில்லை, நான்.

அம்மு, எழுதுனது போதும். அடிச்சது ஆருன்னு சொன்னேனே, அந்த எடத்த ஒருக்கா வாசி மக்களே. கொஞ்சம் சத்தமா வாசி.