எச்சில் படாத ரப்பர் குழாய்

கூடப் படித்த நர்சுகளே, இந்தக் கார்டைப் படித்ததும் அடுத்தவருக்கு அனுப்புங்கள். இன்று என் வார்டில் நடந்ததை எல்லோரும் கேட்டாக வேண்டும்.

சிறுநீர் பிரியாமல் வந்த ராசிபுரத்துப் பெரியவருக்குத் திங்களன்று ரப்பர் குழாய் போட்டோம். அன்றே அது, நீர் வடிகிற பாட்டிலிலிருந்து கழன்றது. துணைக்கிருந்த மகன் மாரப்பன் தறிக்காரர். அறுந்த நூலை இணைக்கிற பழக்கத்தில், குழாய் நுனியை எச்சில் தொட்டுச் சொருகப் போனார்.

கத்திவிட்டேன். "எச்சில் பட்டா உள்ளே சீழ் புடிச்சுக் காய்ச்சல் வந்துருமுங்க! சோப்புப் போட்டுக் கை கழுவாம யாரும் தொடக் கூடாது."

"யாரு தொட்டாலுமாங்க?"

"யாரு தொட்டாலும்."

இன்று காலை பெரிய டாக்டர், பக்கத்துக் கட்டிலில் புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமலே குழாயைப் பிடிக்க வந்தார்.

மாரப்பன் குறுக்கே நின்றார். "சாமி, கையைக் கழுவிப்போட்டு வாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் போய்க் கழுவிக்கொண்டு வந்துதான் குழாயை உருவி எடுத்தார். மாலையில் பெரியவர் தாமாகவே நீர் கழித்தார். காய்ச்சல் துளியும் இல்லை!

மூன்று வருஷமாக நான் மனசுக்குள்ளேயே சொல்லிவந்ததை மாரப்பன் மூன்றே நாளில் சொல்லிவிட்டார். உங்கள் டாக்டர்கள் எப்படி? எழுதுங்கள், மாரப்பனை அனுப்பி வைக்கிறேன்.