விளையாடும்போது மட்டும் அணைந்த கணினி

கணினி திருத்தும் தொழிலில், நமக்கு முன்னர் இன்னொருவர் திறந்து பார்த்துவிட்ட பெட்டியைப் போல் நெஞ்சை எரிப்பது வேறில்லை. திருப்புளியோடு அலைந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கீழ்வருவனவற்றின் முற்பகுதியை, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நீர்வேலியில் கணினி வகுப்பு நடத்திய நடராசா மாஸ்ரரின் வாயால் கேட்டேன். மிகுதி நானே கண்டது.

ஒரு சீப்புக் கதலி

மாஸ்ரரிடம் இருந்தது ஒரேயொரு கணினி. பின்வளவுக் கொட்டிலில் ஓடிய மண்ணெண்ணெய் ஜெனரேற்றரே அதற்கு உயிர். பாடம் நடக்கும்வரை ஒழுங்காக இயங்கும். பாடம் முடிந்து, பாம்பு இரை தின்று நீளும் விளையாட்டை மாணவர் தொடங்கினால், சிறிது நேரத்தில் பொட்டென அணைந்துவிடும். பழுதைத் தீர்ப்பவருக்கே கணினியின் பராமரிப்பும் மாலை வகுப்பு நடத்தும் வாய்ப்பும் என்று மாஸ்ரர் சொல்லியிருந்தார். கணினியைத் தொடக் கிடைப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், அந்த மாலை வகுப்பின்மேல் எனக்கு அடங்காத ஆசை.

நான் போனபோது நல்லூர்த் தவராசா முதல்நாளே வந்து போயிருந்தார். கொழும்பில் படித்தவர், தோலுறையில் பளபளக்கும் கருவிகள் வைத்திருப்பவர். அவருக்கு ஒரு சீப்புக் கதலி கட்டிக் கொடுத்தனுப்பியதை மாஸ்ரர் தாமாகவே சொன்னார். எனக்குத் தட்டில் ஒரு பழம் வந்தது.

“தவராசா பாத்திட்டார்தான். எண்டாலும் வந்தனீர், நீரும் ஒருக்கால் பாரும்.”

வாய் திறவாத சோதனை

அடுத்த முறை இருவரையும் ஒன்றாக அழைத்தார். தவராசா மின்னழுத்தத்தை அளந்தார், குறையில்லை. நான் பெட்டிக்குள் படிந்திருந்த செம்மண் தூசியை ஊதித் துடைத்தேன். பிறகு மாறி மாறி விளையாடிப் பார்த்தோம். ஒருவர்முன் மற்றவர் வாய் திறப்பதில்லை என்ற வைராக்கியத்தில் அறை கோயில் மூலஸ்தானம்போல் இருந்தது. கணினி அணையவேயில்லை. திரையில் முதலிடத்தில் தவராசாவின் பெயர் நின்றது.

வெப்பமே காரணம், புதுக் காத்தாடி பூட்டினால் சரியாகும் என்று மாஸ்ரரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தவராசா என் பக்கம் திரும்பினார்.

“உம்மடை பாம்பு சுவரிலை முட்டித்தானே செத்தது, கறண்டாலை இல்லையே.”

நான் போட்ட கூச்சல்

தவராசா காத்தாடி தேடித் திரிந்த இடைவெளியில் நான் தனியே போனேன். பழுது பார்க்க என்று மாஸ்ரரிடம் சொன்னேன். தவராசாவின் பெயரைத் திரையிலிருந்து இறக்குவதே என் நோக்கம். என் பாம்பு அவருடைய எண்ணிக்கையைத் தாண்டிய கணத்தில் என்னையறியாமல் கூவிவிட்டேன். திரை இருண்டது.

அப்போதுதான் உறைத்தது. பாடத்தில் அமைதி, மாணவர் விளையாட்டில் கூச்சல். நாங்கள் இருவரும் ஊமைகளாக இருந்த அன்று அது அணையவில்லை. கொட்டிலுக்கு ஓடினேன். எஞ்சினைக் கவனிப்பவர் மாஸ்ரரின் மனைவியின் தமையன் குலம் அண்ணை. கூச்சல் கேட்டதும் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து மின்னழுத்தத்தை விழுத்திய பிடியில் கைவைத்தபடி நின்றார். அயல் வாழைத்தோட்டத்துக்கு நீர் இறைக்கும் எஞ்சினின் இரைச்சலில், இந்த வேகக்குறைவு ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. மண்ணெண்ணெய் படிப்புக்கு மட்டுந்தான் என்று முதலில் வாதாடினார். பிறகு குரல் தாழ்ந்தது.

“எஞ்சின் அடிக்கிறது நான், விளையாடுறது அவங்கள். ஒரு நாளெண்டாலும் ‘அண்ணை, நீங்களும் வாங்கோ’ எண்டு ஆரேன் கேட்டவங்களோ?”

காத்தாடி

மைத்துனரை மாஸ்ரரிடம் காட்டிக்கொடுத்தால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே குலம் அண்ணைக்கு விளையாட்டைப் பழக்கி, பாடம் முடிந்ததும் முதல் ஆட்டம் அவருக்கே என்று மாணவரோடு பேசி முடித்தேன். கணினி அணைவது அன்றே நின்றது. ஆனால் அன்று காலையிற்றான் தவராசா வந்து காத்தாடியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பராமரிப்பும் மாலை வகுப்பும் அவருக்குப் போயின. மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“தவராசான்ரை காத்தாடி செய்த வேலையைப் பாத்தீரோ? எங்கடை குலம் மச்சானே இப்ப ஆசையா விளையாடுறார்.”

இக்கதையை நல்லூரில் காத்தாடி வென்றதாகவும், நீர்வேலியில் பழுது தானாகவே தீர்ந்ததாகவும், குலம் அண்ணையின் உறவினர் அவரே கண்டுபிடித்துத் திருத்தியதாகவும் முடிக்கிறார்கள். என் பெயர் வரும் பாடபேதத்தை மட்டும், தேடித் திரிந்த இத்தனை காலத்தில், என்னைத் தவிர வேறெவர் வாயாலும் கேட்டேனில்லை.