கலியமூர்த்தியின் பச்சைத் துண்டு

விருத்தாசலத்திலிருந்து கடலூர் துறைமுகம் போகும் ரயில்பாதையை வெள்ளைக்காரன் காலத்தில் போட்டார்கள் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி எழுதிய வரலாற்றைப் படித்தால், அவர் வேலையில் சேர்ந்து சீசன் டிக்கெட் எடுக்கும்வரை அந்தத் தண்டவாளம் சும்மாதான் கிடந்தது என்று தோன்றும்.

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கு எழுத்தர் வேலை. இருபத்தொன்பது வருஷம் காலையில் பாசஞ்சரில் போனார், மாலையில் பாசஞ்சரில் வந்தார். நடுவில் என்ன செய்தார் என்பது அலுவலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் விருத்தாசலம் ஸ்டேஷனில் அவர் செய்த வேலையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்து நிற்பதற்கு முன்பே, ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு பச்சைத் துண்டை உள்ளே விசிறுவார். அது மூன்றாம் பெட்டியில் இடதுபக்க ஜன்னலோரத்தில் போய் விழும். சிவப்புக் கரை போட்ட துண்டு. மங்கலம்பேட்டையில் ஒரே கடையில் வருஷத்துக்கு ஒன்று வாங்குவார், நிறம் மட்டும் மாறவே மாறாது. அவரிடம் வந்த வேலைகளில் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் தள்ளிப்போடாதது இந்தத் துண்டு போடுகிற வேலை ஒன்றுதான்.

துண்டு விழுந்துவிட்டால் அந்த இடம் அவருடையது. அவர் டீ குடிக்கப் போகலாம், பேப்பர் வாங்கப் போகலாம், அடுத்த பெட்டியில் சீட்டு ஆடப் போகலாம். துண்டு அவருக்காக உட்கார்ந்திருக்கும். தினமும் போய்வரும் யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். அவரவர் துண்டு அவரவருக்கு உண்டே.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் காலையில் எட்டுமணிக்கு அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எங்கே போவது என்று தெரியாது. மனைவி சொர்ணாம்பாள், நிற்கிறதுதான் நிற்கிறீர்கள், கேஸ் சிலிண்டர் வண்டி வருகிறதா பாருங்கள் என்பாள். ஒரு சங்கத்தின் செயலாளர் கேட்கிற பேச்சா இது?

ஆமாம், செயலாளர். தினசரிப் பயணிகள் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வண்டி தாமதமானால் மனு கொடுக்கும், சீக்கிரமாக வந்துவிட்டால் அதற்கும் மனு கொடுக்கும். அதன் தலைவர் சபேசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இந்தப் பாதையின் கதையை ஒரு மலராகப் போட்டு, ஒரு விழா எடுத்து, மேடைக்கு ஒரு ரயில்வே அதிகாரியையும் கூப்பிடுவது என்று சங்கம் தீர்மானித்தது. எழுதும் பொறுப்பு கலியமூர்த்திக்கு. விழாவில் அவருக்கு ‘தடம் காத்த தலைமகன்’ என்ற பட்டம் கொடுப்பதென்றும் தீர்மானமானது. பட்டத்தின் பெயரை யோசித்துச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் பெயர் தெரியாத ஆளாக இருந்துவிட்டோம், அந்த ஒரு பட்டத்தோடு செத்தால் போதும் என்று நிஜமாகவே நினைத்தார்.

இருபது பக்கம் எழுதினார். மீட்டர் கேஜ் காலம், அதில் அவர். அகலப் பாதை போடுவதற்காக வண்டியை நிறுத்திவிட்ட காலம், பஸ்ஸில் அவர். அதற்கு ‘இருண்ட காலம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார், ஏனென்றால் பஸ்ஸில் துண்டு போட்டால் கண்டக்டர் எடுத்து மடியில் திணித்துவிடுவார். பிறகு அகலப் பாதை, மின்சார இன்ஜின், அவற்றிலும் அவர். ஒரு பக்கம் முழுக்க, ‘துண்டு போட்ட இடத்தில் பிறர் அமர்வதில்லை, ஆள் இல்லாவிட்டாலும் துண்டுக்கு மரியாதை தருவதே நம் தடத்தின் பண்பாடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

சபேசன் பொறுமையாகப் படித்துவிட்டு, நீங்கள் நன்றாக வந்திருக்கிறீர்கள், ரயில்தான் சரியாக வரவில்லை என்றார். வேறு பயணிகளின் அனுபவம் இரண்டையாவது சேர்க்கச் சொன்னார். கலியமூர்த்திக்கு அது வீண் வேலையாகப் பட்டது. இருந்தாலும் தலையாட்டினார்.

விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பீங்கான் இன்ஜின் பொம்மை செய்வதென்று ஏற்பாடு. அதைப் பார்க்க ஆனந்தராஜின் செராமிக் பட்டறைக்குப் போனார். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் ஓரப்பிசிறை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கொளஞ்சியம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆனந்தராஜ் சும்மா இருக்காமல், சார் கடலூர் ரயிலைப் பற்றிப் புத்தகம் போடுகிறார், உனக்கு அதில் ஏதும் நினைவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். கலியமூர்த்தி நோட்டை எடுத்தார். வந்ததற்கு ஒரு நாலு வரி கிடைத்தால் தலைவரின் வாயை அடைக்கலாமே.

கொளஞ்சியம்மாள் கையை நிறுத்தாமல் சொன்னாள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மீட்டர் கேஜ் வண்டி. அவள் எட்டுமாத வயிற்றோடு கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஜன்னலோரத்தில் ஒரே ஒரு இடம் காலி, அதன்மேல் ஒரு துண்டு. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊத்தங்கால் மங்கலம் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு ஆள் வந்தார்.

“துண்டு கெடக்குறது கண்ணு தெரியலியான்னு கேட்டாருங்க. எழுந்திரிச்சுட்டேன். அவராவது ஒக்காந்தாரா? துண்ட திரும்பவும் விரிச்சுப் போட்டுட்டு, சீட்டாடப் போயிட்டாரு. கடலூர் வரைக்கும் துண்டு ஒக்காந்து வந்துச்சு, நான் நின்னுக்கிட்டு வந்தேன்.”

குறிஞ்சிப்பாடியில் வலி கண்டதையும், துறைமுகம் ஸ்டேஷனில் இறங்கி, ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் மகள் பிறந்துவிட்டதையும் அவள் சொல்லி முடித்தபோது, பட்டறையில் இருந்த பெண்கள் அந்த ஆளைப் பேர் தெரியாமலே திட்டினார்கள். கலியமூர்த்தியும் த்சொ என்றார். பச்சைத் துண்டு, சிவப்புக் கரை என்று அவள் சொன்னபோதுதான் த்சொவைப் பாதியில் நிறுத்தினார். கை தானாகத் தோளுக்குப் போயிற்று. அன்று ஆடிய ஆட்டத்தில் அவர் ஜெயித்ததுகூட ஞாபகம் வந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், மறுபடி பொம்மையைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்போது சுருட்டைமுடியும் மீசையுமாக இருந்த ஆள், இப்போது வழுக்கைத் தலையும் மழித்த முகமுமாக நிற்கிறார். தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொண்டார். அப்படியும் வெளியே வந்ததும் துண்டைச் சுருட்டி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் எழுதுகிற கையில்லையா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் இந்தக் கதை வீணாகப் போகிறதே என்று இருந்தது. கொஞ்சம் திருத்தினால் என்ன? எழுதினார்: கூட்டம் நிரம்பிய பெட்டியில் தவித்து நின்ற கர்ப்பிணிப் பெண் கொளஞ்சியம்மாளுக்கு, தம் ஜன்னலோர இடத்தை எழுந்து கொடுத்து, கடலூர் வரை நின்றுகொண்டே சென்ற பயணி வேறு யாருமல்ல, இந்நூலாசிரியரே. எழுதி முடித்துப் படித்தபோது அவருக்கே கண் கலங்கியது.

சபேசனுக்கும் கலங்கியது. அதுதான் வம்பு. இத்தனை பக்கத்தில் இது ஒன்றுதான் ஐயா வரலாறு என்று சொல்லி, அந்த அம்மாவை மேடைக்கு அழைத்து, கலியமூர்த்தி கையாலேயே ஒரு துண்டு போர்த்தி, அவளை நாலு வார்த்தை பேசவைப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். மலர் அச்சுக்குப் போய்விட்டது. அழைப்பிதழிலும் அவள் பெயர் ஏறிவிட்டது.

கலியமூர்த்திக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், தோளில் துண்டில்லாமல், பட்டறைக்குப் போய் அவளைத் தனியே கூப்பிட்டார். புத்தகத்துக்கு வேண்டி நிகழ்ச்சியைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம், யாரோ ஒருவர் எழுந்து இடம் கொடுத்ததாக இருந்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது, நீங்களும் அப்படியே சொல்லிவிட்டால் சங்கத்துக்குப் பெருமை என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

கொளஞ்சியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “எடம் குடுத்தது யாருன்னு போட்டிருக்கீங்க?”

“என் பேருதாம்மா. சும்மா, ஒரு பேருக்கு.”

“அப்டிங்களா,” என்றாள். “வரேங்க.”

அவ்வளவுதான். அந்த ‘வரேங்க’வை அவர் வீடு வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

விழா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபத்தில். கீழே நூறு பேருக்குமேல், பெரும்பாலும் தினமும் போய்வருகிற கூட்டம். முதல் நாலு வரிசையில் எல்லா நாற்காலிகளிலும் துண்டும் கைக்குட்டையும் டிபன் பையும் உட்கார்ந்திருந்தன. மேடையில் ஐந்து நாற்காலி. அதிகாரி, சபேசன், பொருளாளர், பொம்மை செய்துகொடுத்த ஆனந்தராஜ், தலைமகன். கலியமூர்த்தி புது வேட்டியில் இருந்தார். பட்டம் பொறித்த பீங்கான் தட்டு மேசைமேல் பளபளத்தது.

சபேசன் மலரிலிருந்து அந்தப் பத்தியை வாசித்தார். கைதட்டல். கொளஞ்சியம்மாள் பட்டறைப் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து மேடைக்கு வந்தாள். போர்த்துவதற்கான துண்டைச் சங்கம்தான் வாங்கியிருந்தது. பிரித்துப் பார்த்த கலியமூர்த்தி அதை மறுபடி மடிக்கப் பார்த்தார். செயலாளருக்குப் பிடித்த நிறம் என்று யாரோ அக்கறையாக மங்கலம்பேட்டைக்கே போய், சிவப்புக் கரை போட்ட பச்சைத் துண்டாக வாங்கி வந்திருந்தார்கள். முன்னால் வந்து போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“இவருதாங்க அவரு. நல்லாத் தெரியும். அன்னிக்கி இவரு நின்னுக்கிட்டு வந்ததா பொஸ்தகத்துல எழுதியிருக்காராம். எழுதினது பொய்யாப் போவக் கூடாதில்லீங்களா.”

மைக்கை மேசைமேல் வைத்தாள். தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, கலியமூர்த்தியின் காலி நாற்காலியில் நான்கு முனையும் இழுத்துவிட்டு ஒழுங்காக விரித்தாள். அதில் உட்காரவில்லை. படியிறங்கிப் போய், பழைய இடத்தில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டத்துக்கு முழுதும் புரிந்ததோ இல்லையோ, பட்டறைப் பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அதிகாரி சபேசனிடம் குனிந்து என்ன என்று கேட்டார். சபேசன் மலரின் துண்டுப் பண்பாட்டுப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார். கலியமூர்த்தி நாற்காலியை நோக்கி ஓரடி வைத்து, துண்டின் முனையைத் தொட்டார்.

“துண்டு போட்டிருக்குதுங்க சார்,” என்றது கீழேயிருந்து ஒரு குரல். மூன்றாம் பெட்டிக்காரர்தான் யாரோ.

கையை எடுத்துக்கொண்டார். வேறு நாற்காலி கொண்டுவரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்கள் சொல்லவில்லை. அதிகாரி பேசினார், பொருளாளர் பேசினார், நன்றியுரை சொன்னவர் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவர் வரைக்கும் நன்றி சொன்னார். பட்டத் தட்டை நின்றபடியே வாங்கிக்கொண்டு நின்றபடியே பிடித்திருந்தார் கலியமூர்த்தி. பக்கத்தில் துண்டு உட்கார்ந்திருந்தது. கூட்டம் முடிய ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. மீட்டர் கேஜ் காலத்தில் ஊத்தங்கால் மங்கலத்திலிருந்து கடலூர் போய்ச் சேரவும் அவ்வளவு நேரம்தான் ஆகும் என்று அவரே மலரின் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.